பழைய நோட்டு: முக மதிப்பைத் தாண்டுமா? (வாசகர் கேள்வி பதில்)

பழைய பணத்தாள்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றுதான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு பழைய நோட்டு கிடைத்தது. சில நோட்டுகளுக்கு எழுபது, எண்பது வயது இருக்கும். இவ்வளவு பழையவை என்றால் நல்ல விலை போகும்தானே?

வயதுக்காக மட்டும் யாரும் பணம் தருவதில்லை. எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது, உங்கள் கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன. எண்பது வயது நோட்டு லட்சக்கணக்கில் மிஞ்சியிருந்தால் அது பழைய தாள், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் 1000 மார்க் நோட்டு இதற்கு நல்ல உதாரணம். அதில் 1910 ஏப்ரல் 21 என்று தேதி இருக்கும். நூறாண்டு கடந்த தாள் என்று பலர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே தேதியைப் போட்டு முதல் உலகப் போருக்குப் பிறகும் அச்சடித்துத் தள்ளினார்கள். பச்சை முத்திரை கொண்டவை அப்படி வந்தவை. பிறகு வந்த பணவீக்கத்தில் அவை செல்லாக்காசாகிப் பெட்டிகளில் தங்கிவிட்டன. அதனால் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. நோட்டில் இருக்கும் தேதி, அச்சான தேதியாகவே இருக்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து தெரியும்.

இதற்கு நேர்மாறாக, ஜிம்பாப்வேயின் 100 லட்சம் கோடி டாலர் நோட்டு 2009-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. 2015-இல் அந்நாட்டுப் பணத்தை ஒழித்தபோது வைத்த மாற்று விகிதப்படி, அப்படி 350 நோட்டு கொடுத்தால்தான் ஒரு அமெரிக்க டாலர். ஆனால் அத்தனை சைபர் போட்ட தாள் ஒன்றாவது வேண்டும் என்று உலகெங்கும் ஆள் இருப்பதால், ஒற்றை நோட்டே பல டாலருக்கு விற்கிறது.

எல்லாரும் எடுத்து வைத்த நோட்டுக்கும் விலை ஏறாது. அமெரிக்கா 1976-இல் வெளியிட்ட 2 டாலர் நோட்டு அபூர்வமாகிவிடும் என்று நம்பி மக்கள் அப்படியே பெட்டியில் பூட்டினார்கள். ஐம்பதாண்டு ஆகியும் அவற்றில் பெரும்பாலானவை 2 டாலருக்குத்தான் போகின்றன.

ஆகவே, பிரிக்கும்போது ஒன்றையும் கெடுத்துவிடாதீர்கள். எச்சில் தொட்டு எண்ண வேண்டாம், ரப்பர் பேண்ட் போட வேண்டாம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். வரிசை எண் தொடர்ச்சியாக இருக்கும் தாள்களைக் கலைக்காதீர்கள். தொடர் எண்ணில் இருக்கும் நல்ல தாள்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: என்னிடம் இருப்பது எந்த நோட்டு என்று சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி? பழைய பத்து ரூபாய் என்று சொன்னால் போதாதா?

போதாது. 'பழைய பத்து ரூபாய்' என்ற பெயருக்குள் டஜன் கணக்கில் வகைகள் இருக்கின்றன. ஒன்று முக மதிப்புக்கே போகும், பக்கத்தில் இருப்பது நூறு மடங்குக்குப் போகும். ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: வெளியிட்டது யார், மதிப்பு, ஆண்டு இருந்தால் ஆண்டு, கையெழுத்து யாருடையது, எண்ணுக்கு முன் வரும் எழுத்துகள், எண், நீர்க்குறியில் தெரியும் உருவம், மில்லிமீட்டரில் நீள அகலம்.

இந்திய நோட்டுகளில் கையெழுத்துதான் முக்கியம். அச்சான ஆண்டைப் பின்பக்கம் போடும் வழக்கம் ரிசர்வ் வங்கி நோட்டுகளில் 2005 வரிசையோடுதான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் காலத்தைக் காட்டுவது கவர்னரின் கையெழுத்தும் வடிவமைப்பும்தான். எண் இருக்கும் கட்டத்தில், எண்ணுக்கு அடியில் சற்றுப் பெரிதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ, பி, சி என்று வரும் அந்த உள்ளெழுத்து மாறினால் சேகரிப்பவர்களுக்கு அது வேறு வகை.

பி.என்.அடார்கர் 1970 மே 4 முதல் ஜூன் 15 வரை, 42 நாள்தான் கவர்னராக இருந்தார். காந்தி நூற்றாண்டு நினைவாக வந்த 2, 5, 10, 100 ரூபாய் நோட்டுகளில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதே படம், அதே நிறத்தில் வேறு கவர்னரின் கையெழுத்தோடும் தாள்கள் உண்டு. படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் பார்க்காமல் விற்றால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு ரூபாயில் கவர்னரைத் தேடாதீர்கள். அது மத்திய அரசின் நோட்டு, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுவது. 1994-இல் அச்சடிப்பதை நிறுத்தி 2015-இல் மீண்டும் தொடங்கினார்கள். கண்ணில் படுவதே அரிதாகிவிட்டதால் 2015-க்குப் பிறகு வந்ததையும் பழைய நோட்டு என்று நினைத்துவிடுகிறோம்.

முன்னெழுத்தும் கதை சொல்லும். வளைகுடா நாடுகளில் மட்டும் புழங்குவதற்காக 1959-இல் ரிசர்வ் வங்கி தனியாக நோட்டு வெளியிட்டது. வடிவமைப்பு இந்திய நோட்டு மாதிரியே இருக்கும். நிறம் வேறு, எண்ணுக்கு முன் இசட் எழுத்து. ஹஜ் பயணிகளுக்கென வந்த நோட்டில் எண்ணுக்கு முன் எச்ஏ என்றும், தாளில் ஹஜ் என்ற சொல்லும் இருக்கும். இவை பெரும்பாலும் திரும்பப் பெற்று அழிக்கப்பட்டவை. அதனால்தான் மிஞ்சியவற்றைத் தேடி வாங்குகிறார்கள். 'நிறம் வெளுத்த நூறு ரூபாய்' என்று ஒதுக்கிவிடாமல் எண்ணைப் படியுங்கள்.

வெளிநாட்டு நோட்டுகளுக்கு, ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் ஏற்படுத்திய பட்டியல் எண்ணை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். நாட்டின் பெயரோடு அந்த 'பிக் எண்' தெரிந்துவிட்டால் எந்த நாட்டு வியாபாரியிடமும் குழப்பமில்லாமல் பேசலாம்.

கேள்வி: "கண்டிஷன் முக்கியம்" என்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

பார்க்க நன்றாக இருப்பதும் சலவை நோட்டாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து. ஒன்று கை படாதது, மற்றொன்று சட்டைப்பையில் ஒரு வாரம் இருந்தது. விலை வித்தியாசம் பத்து மடங்குகூட இருக்கும். ஆகவே இதைச் சற்று நிதானமாகவே சொல்கிறோம்.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை மட்டும் பக்கவாட்டில் வையுங்கள். நோட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் தாளை உரசிக்கொண்டு போகிற மாதிரி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தபோது தெரியாத நடு மடிப்பு ஒரு நிழல் கோடாக எழும்பி நிற்கும். முன்பக்கம் முடிந்ததும் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். சில மடிப்பு ஒரு பக்கத்தில்தான் தெரியும். அடுத்து விளக்கைத் தாளுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். பின் குத்திய ஓட்டை, ஊசித்துளை, சுரண்டியதால் மெலிந்த இடம், பின்னால் ஒட்டிய பொடித் தாள் எல்லாம் வெளிச்சப் புள்ளியாகவோ கறையாகவோ காட்டிக்கொடுத்துவிடும்.

மடிப்பிலும் இரண்டு வகை. மென்மையாக வளைந்து, மேற்பரப்பு உடையாமல் இருப்பது ஒன்று. நகத்தால் அழுத்தி மடித்ததுபோல் மை உதிர்ந்து, நாரே வெள்ளையாகத் தெரிவது இன்னொன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும்.

1961-இல் தொடங்கிய சர்வதேச பணத்தாள் சங்கத்தின் தர வரிசையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். மடிப்பே இல்லாமல், நான்கு மூலையும் கூராக, தாள் மொடமொடவென்று இருந்தால் 'யுஎன்சி'. நடுவில் ஒரு மெல்லிய மடிப்போ, அல்லது வங்கியில் எண்ணிய தடம் மூலையிலோ, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 'ஏயு'. மூன்று மெல்லிய மடிப்பு வரை, அல்லது ஒரே ஓர் அழுத்தமான உடைமடிப்பு என்றால் 'ஈஎஃப்'. குறுக்கும் நெடுக்கும் மடிப்பு இருந்தும் தாள் இன்னும் விறைப்பாக, அழுக்கு அதிகமில்லாமல் இருந்தால் 'விஎஃப்'. தாள் தளர்ந்து, ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அது படத்துக்குள் போகாமல் இருந்தால் 'எஃப்'. மூலை மழுங்கி, கிழிசல் படத்துக்குள் புகுந்தால் 'விஜி', அதற்கும் கீழே 'ஜி'.

புழக்கத்தில் இருந்து கைக்கு வந்த நோட்டுகளில் பெரும்பாலானவை 'எஃப்'பும் அதற்குக் கீழும்தான். மிக அரிய நோட்டாக இருந்தால் அந்த நிலையிலும் வாங்க ஆள் உண்டு. சாதாரண நோட்டு என்றால் 'யுஎன்சி' அல்லது 'ஏயு' இல்லாமல் முக மதிப்பைத் தாண்டுவது கடினம்.

இந்திய நோட்டுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கட்டுகளை ஸ்டேப்ளர் பின்னால் தைப்பதை நிறுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது 2001-இல்தான். அதற்கு முந்தைய நோட்டுகள் பலவற்றில், புழக்கத்துக்கே போகாத தாளிலும், பின் ஓட்டை இருக்கும். அந்தக் காலத்து நோட்டில் ஓட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் விற்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டையே இல்லாத தாள் கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை நியாயம்தான்.

கேள்வி: அழுக்காக இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் அலசி இஸ்திரி போட்டால் சலவை நோட்டு மாதிரி ஆகிவிடாதா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சலவை நோட்டு என்ற பெயரில்தான் சலவை இருக்கிறது.

நோட்டுத் தாள் பருத்தி நாரால் ஆனது. மேலே விறைப்புக்காகப் பூசிய பசை இருக்கும். தண்ணீரில் போட்டதும் அந்தப் பசை கரைந்து தாள் துவண்டுவிடும். பிறகு எப்படித் தேய்த்தாலும் பழைய மொடமொடப்பு வராது. அடுத்தது அச்சு. பணத்தாளின் முக்கியப் படமும் எழுத்தும் பெரும்பாலும் மை மேடாக நிற்கும் முறையில் அச்சானவை; விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். இஸ்திரிப் பெட்டியோ, கனமான புத்தகத்துக்கு அடியில் ஈரத்தோடு வைப்பதோ அந்த மேட்டை நசுக்கித் தட்டையாக்கிவிடும். தாள் பளபளவென்று இருந்து, தடவினால் வழவழப்பாகவும் இருந்தால், இது தேய்த்த நோட்டு என்று அனுபவசாலி கையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

புற ஊதா விளக்கு இன்னும் துல்லியம். அசல் நோட்டுத் தாள் அதன் கீழ் மங்கலாகவே இருக்கும். பாதுகாப்பு மையும் நாரும் மட்டும் ஒளிரும். துணி சோப்புத்தூளில் வெண்மை காட்டுவதற்காகச் சேர்க்கும் ரசாயனம் தாளில் ஏறிவிட்டால் முழு நோட்டும் நீல வெள்ளையாக ஒளிவிடும். அந்த ஒளியை எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போக்க முடியாது. அழுக்கோடு 'எஃப்' தரத்தில் விற்றிருக்க வேண்டிய தாள், கழுவியபின் அந்த விலையையும் இழந்துவிடும்.

ரப்பரால் அழிப்பது, ஓரத்தைக் கத்தரிப்பது, கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டுவது, லேமினேஷன் செய்வது, நான்கும் இதே கணக்கு. கத்தரித்ததை அளவு காட்டிக்கொடுக்கும். 1996-இல் வந்த மகாத்மா காந்தி வரிசை 100 ரூபாய் 157-க்கு 73 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே கேள்வி வரும்.

கேள்வி: ஒரு நோட்டில் எண்ணுக்கு நடுவில் நட்சத்திரம் இருக்கிறது. கள்ள நோட்டோ?

கள்ள நோட்டு அல்ல. அச்சகத்தில் ஒரு தாள் கெட்டுப்போனால் அதற்குப் பதிலாக வைக்கும் மாற்று நோட்டு. முன்பு இந்தியாவில் கெட்ட தாளின் எண்ணையே மறுபடி அச்சடித்து வைத்தார்கள். 2006-இல் 10, 20, 50 ரூபாய்க்கு, முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே நட்சத்திரம் போட்ட தாளை வைக்கத் தொடங்கினார்கள். 100 ரூபாயில் 2009-இலும், 500-இல் 2016-இலும் வந்தது. அமெரிக்காவில் இந்த வழக்கம் 1910 முதல் உண்டு. கனடாவில் ஒரு காலத்தில் நட்சத்திரம், பிறகு முன்னெழுத்தில் எக்ஸ் வந்தால் மாற்று நோட்டு.

நட்சத்திரம் இருந்தாலே விலை ஏறிவிடாது. மாற்று நோட்டும் லட்சக்கணக்கில் அச்சாகிறது. எந்தக் கவர்னர், எந்த உள்ளெழுத்து, எந்த ஆண்டு, எந்த முன்னெழுத்து என்ற சேர்க்கையில்தான் சில அரிதாகின்றன. சமீபத்திய ஆண்டின் கசங்கிய பத்து ரூபாய் நட்சத்திரத்தைச் செலவழித்துவிடலாம். 2006-ஐ ஒட்டிய ஆண்டு, மடிப்பில்லாத தாள் என்றால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: 786 உள்ள நோட்டுக்கு லட்சம் தருவார்கள் என்கிறார்களே?

786 என்று முடியும் நோட்டு ஒவ்வொரு ஆயிரத்திலும் ஒன்று வருகிறது. எண்ணத்தில் அரிதே அல்ல. நம்பிக்கையின் பேரில் வாங்குபவர்கள் இருப்பதால் சற்றுக் கூடுதலாகப் போகும், அதுவும் நல்ல தாளாக இருந்தால். லட்சம் என்பது விளம்பரத்தில் எழுதும் தொகை.

எண்ணுக்காக உண்மையிலேயே விலை பெறுபவை வேறு. 000001 போன்ற ஆரம்ப எண், 777777 மாதிரி ஆறும் ஒன்றாக இருப்பது, 123456 என்ற ஏறுவரிசை, இடமிருந்தும் வலமிருந்தும் ஒன்றாகப் படிக்கும் 482284 போன்றவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு இலக்க எண்ணில் இருபுறமும் ஒன்றாக வருவது ஆயிரத்துக்கு ஒன்று, ஆறும் ஒரே இலக்கமாக வருவது பத்து லட்சத்தில் ஒன்பதே. இரண்டுக்கும் ஏன் அவ்வளவு விலை வித்தியாசம் என்று இதிலேயே தெரிகிறது.

கேள்வி: ஒரு நோட்டின் பின்பக்கத்தில் முன்பக்கப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. இன்னொன்றில் எண்ணே இல்லை. மதிப்பு உண்டா?

உண்மையான அச்சுப் பிழை என்றால் நிச்சயம் உண்டு. எப்படி உண்டானது என்று விளக்க முடிகிற பிழையை நம்பலாம் என்பதுதான் எங்கள் அளவுகோல்.

முதலாவது அப்படி விளக்கக் கூடியது. அச்சு இயந்திரத்தில் ஒரு தாள் போகாமல் நின்றுவிட்டால், தகட்டில் இருக்கும் மை நேராக அழுத்தும் உருளையில் பதிந்துவிடும். அடுத்து வரும் தாளின் முன்பக்கம் சரியாக அச்சாகும்போதே, உருளையில் இருந்த மை அதன் பின்பக்கத்தில் இடவலம் மாறிப் பதியும். முதல் தாளில் அழுத்தமாகவும், அடுத்தடுத்த தாள்களில் மங்கிக்கொண்டும் போகும். முழுப் படமும் அழுத்தமாக இருந்தால் விலை அதிகம். லேசான நிழல் மட்டும் என்றால், ஈர மை இருக்கும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து ஒட்டியதாகவும் இருக்கலாம். அதற்குப் பெரிய மதிப்பில்லை.

எண் இல்லாததில்தான் ஏமாற்று அதிகம். எண்ணை அழித்துவிட்டு 'எண் இல்லாத நோட்டு' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண் அச்சு தாளை லேசாக அழுத்திப் பள்ளமாக்கும். மையை அழித்தாலும் பள்ளம் தங்கும். ரப்பரோ பிளேடோ பட்டிருந்தால் நார் பஞ்சாகக் கிளம்பி நிற்கும், பின்னால் வெளிச்சம் வைத்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து தெரியும். ரசாயனம் தொட்டிருந்தால் அடியில் இருக்கும் மெல்லிய கோட்டு வேலைப்பாடும் வெளுத்திருக்கும். இவை எதுவும் இல்லாமல், பின்னணிக் கோடுகள் முழுதாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

நிறம் மாறிய நோட்டுகளில் பெரும்பாலானவை வெயிலிலோ பிளீச்சிலோ வெளுத்தவை. பச்சை மஞ்சளாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் அதுதான் காரணம் என்று முதலில் நினையுங்கள்.

கஷ்டப்பட்டாலும் போலி செய்ய முடியாத பிழை ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன்பே மூலை மடிந்துபோய், விரித்தால் நோட்டின் செவ்வகத்துக்கு வெளியே ஒரு துண்டுத் தாள் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது. இல்லாத தாளை யாரும் ஒட்டு தெரியாமல் வளர்க்க முடியாது. அந்த மடிப்பை நீங்கள் நேர் செய்துவிடாதீர்கள், கத்தரித்தும் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் மலாயாவிலும் பர்மாவிலும் இருந்தது. அங்கிருந்து கொண்டுவந்த ஜப்பான் நோட்டும், ரிசர்வ் வங்கி நோட்டும் இருக்கின்றன.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜப்பானியப் படை பிடித்த நாடுகளில் வெளியிட்ட நோட்டுகளில் முதல் எழுத்து நாட்டைக் காட்டும். எம் என்றால் மலாயா, பி என்றால் பர்மா. மலாயாவின் 10 டாலரில் வாழை மரம் இருப்பதால் அந்த வரிசைக்கே வாழை மரப் பணம் என்று பெயர் வந்துவிட்டது. போர் முடிந்ததும் ஒரே நாளில் செல்லாததாகி, வீடு வீடாக மிஞ்சிப்போனது. ஆகையால் வெறும் எழுத்து மட்டும் இருப்பவை எளிதில் கிடைப்பவை, விலையும் குறைவு. தொடக்கத்தில் அச்சான சிலவற்றில் எழுத்தோடு வரிசை எண்ணும் இருக்கும். அவை குறைவு, தேடுபவர் அதிகம். உங்கள் கட்டை எடுத்து எண் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

பர்மாவிலிருந்து வந்த ரிசர்வ் வங்கி நோட்டில் கூடுதலாக அடித்த எழுத்தைத் தேடுங்கள். 1947 ஏப்ரல் வரை பர்மாவுக்கும் பண நிர்வாகம் செய்தது ரிசர்வ் வங்கிதான், இடையில் வந்த ஜப்பானிய ஆட்சியைத் தவிர. 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று ஆங்கிலத்தில் மேலச்சு போட்ட தாள்கள் இருக்கின்றன. 1945-இல் ராணுவ நிர்வாகத்தின் பெயரும், 1947-இல் பர்மா கரன்சி போர்டின் பெயரும் சேர்ந்து வரும். அந்த ஒரு வரிதான் விலையைத் தூக்குகிறது. சாதாரண நோட்டில் பின்னாளில் அந்த வரியைப் போலியாக அடிப்பதும் நடக்கிறது. மேலச்சின் மை மடிப்புக் கோட்டின் மேல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அசலில் மடிப்போடு சேர்ந்து அந்த மையும் உடைந்து தேய்ந்திருக்கும். போலியில் பழைய மடிப்பின் பள்ளத்துக்குள்ளும் மை புதிதாக இறங்கியிருக்கும்.

கேள்வி: 2016-இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகள் கொஞ்சம் மிஞ்சிவிட்டன. வைத்திருந்தால் பின்னாளில் விலை ஏறுமா?

விலைக்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த சட்டப்படி, அந்தப் பழைய 500, 1000 நோட்டுகளில் இரண்டும் சேர்த்து ஒருவர் 10 தாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வு அல்லது நாணயவியல் நோக்கத்துக்கு 25 வரை. மீறினால் பத்தாயிரம் ரூபாய், அல்லது அந்த நோட்டுகளின் முக மதிப்பைப்போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். சாதாரண எண் கொண்டவை ஏராளமாக மிஞ்சியிருப்பதால் அவற்றுக்குத் தேவையும் இல்லை.

1978 ஜனவரியில் ஒழித்த 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகள் வேறு கதை. அவை சொற்பம். அப்படி ஒன்று கிடைத்தால் யாரிடமும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் நோட்டுக்குப் பத்து லட்சம் தருவதாகப் போனில் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் மட்டும் முதலில் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள், மோசடி. பழைய நோட்டு, நாணயம் வாங்குவதிலோ விற்பதிலோ தனக்கு எந்தப் பங்கும் இல்லை, கட்டணமோ கமிஷனோ வசூலிப்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவர் பணம் தர வேண்டுமே தவிர, விற்கிறவர் முன்பணம் கட்டுவது எங்கும் இல்லாத முறை.

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்த காலத்து மார்க், பிராங்க், லிரா நோட்டுகள் இருக்கின்றன. சேகரிப்பவரிடம் கொடுக்கலாமா?

அந்த நாட்டு மத்திய வங்கி இன்னும் மாற்றித் தருகிறதா என்று முதலில் பாருங்கள். ஜெர்மன் மார்க்குக்குக் காலக்கெடு இல்லை. 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்ற விகிதத்தில் அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் தருகிறது. சாதாரண 100 மார்க் தாளைச் சேகரிப்பவர் அதற்குக் குறைவாகத்தான் கேட்பார். பிரெஞ்சு பிராங்குக்கு 2012 பிப்ரவரியிலும், இத்தாலிய லிராவுக்கு 2011 டிசம்பரிலும் கதவு மூடிவிட்டது. இவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு மட்டும்தான். இங்கிலாந்து வங்கியின் பழைய நோட்டுகளுக்கும் காலக்கெடு இல்லை. அமெரிக்க டாலர் எவ்வளவு பழையதானாலும் செல்லும். 1969-இல் திரும்பப் பெறத் தொடங்கிய 500, 1000 டாலர் தாள்கள் மட்டும் எப்போதும் முக மதிப்பைத் தாண்டியே போகும். அவற்றை வங்கியில் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: சரியான விலையை எங்கே பார்ப்பது? தரச்சான்று வாங்கினால் விலை கூடுமா?

இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் பட்டியலை வைத்திருக்கும். அதில் அதே மதிப்பு, அதே கையெழுத்து, அதே முன்னெழுத்து வகை, அதே தரம் என்று நான்கும் பொருந்துகிற மூன்று விற்பனையாவது தேடுங்கள். ஒன்றே ஒன்று மிக உயரமாக இருந்தால் அன்று இருவர் போட்டியிட்டிருப்பார்கள்; அதை நடுவிலைபோல் நம்பக் கூடாது. ஏலத்தில் கமிஷன் கழியும். வியாபாரி நேரடியாக வாங்கினால் தன் லாபத்தை விட்டுத்தான் விலை சொல்வார். அது ஏமாற்று அல்ல. ஆனால் இருவரிடமாவது கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பிஎம்ஜி போன்ற நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் போட்டு, தாளைக் கெட்டியான உறையில் மூடித் தருகின்றன. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத தாள். 65-உம் அதற்கு மேலும் வாங்க, தாளில் எந்தச் சீரமைப்பும் நடக்காமல் இயல்பான நிலையில் இருக்க வேண்டும். அதற்கு 'ஈபிக்யூ' என்று தனிக் குறிப்பு போடுவார்கள். நோட்டின் எதிர்பார்க்கும் விலை, சான்றுக் கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்ந்ததைப் போல் சில மடங்காவது இருந்தால் அனுப்புங்கள். சாதாரண நோட்டை அனுப்பினால் கட்டணமே விலையைத் தின்றுவிடும்.

கேள்வி: நோட்டுக் கட்டில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருக்கிறது. எடுக்கலாமா? பிறகு எதில் வைப்பது?

எடுக்கத்தான் வேண்டும், துரு பரவும். ஆனால் இழுக்காதீர்கள். கட்டின் பின்பக்கத்தில் பின்னின் இரண்டு காலும் மடிந்திருக்கும். மெல்லிய அட்டைத் துண்டைக் காலுக்கும் தாளுக்கும் இடையில் செருகி, அட்டையின் மேல் தட்டையான கத்தி முனையை வைத்து ஒவ்வொரு காலாக நேராக நிமிர்த்துங்கள். இரண்டும் செங்குத்தாக நின்றபின், முன்பக்கத்திலிருந்து சாய்க்காமல் மேலே தூக்குங்கள். கால் துருவில் ஒட்டிக்கொண்டால் அசைத்துப் பார்க்க வேண்டாம், கட்டிங் பிளையரால் காலை வெட்டிவிட்டு எடுங்கள். துருப்பொடியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் வெளிப்புறமாகத் தட்டிவிடுங்கள். தேய்த்தால் கறை நாருக்குள் இறங்கும்.

வைப்பதற்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை. பிவிசி உறை வேண்டாம். புது மழைக்கோட்டு மாதிரி வாடை அடித்தால் அது பிவிசி. அதை நெகிழ வைக்கும் ரசாயனம் ஆண்டுக்கணக்கில் கசிந்து, தாளைப் பிசுபிசுப்பாக்கி நிறத்தையும் மாற்றிவிடும். ஓர் உறையில் ஒரு தாள், மடிக்காமல், படுக்கை வாட்டில். வெயிலும் ஈரச் சுவரும் படாத அலமாரி. ஈரப்பதத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியின் மூலையில் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். அந்துருண்டையை மட்டும் நோட்டுக்கு அருகில் வைக்க வேண்டாம்.